சூடு தணியும் வரை

காரை நகர்த்தினால்தான் தம்பியை வீட்டுக்குள் கொண்டுவர முடியும்.

ஆஸ்பத்திரி வண்டி தெருமுனையில் திரும்பி, பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து, பாதி வழியில் நின்றுவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு தம்பியின் சிவப்புக் கார் நின்றிருந்தது. நேற்று மாலை அதிலிருந்து அவனை இறக்கித் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து, "சார், இத மட்டும் எடுத்துட்டா நேரா வாசல்லயே இறக்கிடலாம்" என்றார். அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பித் தம்பியின் அண்ணன் காதுக்காரரைப் பார்த்தார்கள்.

காதுக்காரர் என்பது தொழில் தந்த பெயர். முப்பது வருடமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். வண்டி உள்ளே நுழையும்போதே, பானெட்டைத் திறக்காமல், நாற்காலியைவிட்டு எழாமல், இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவரும் பேசமாட்டார்.

தம்பி மனைவி உள்ளேயிருந்து சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்து உட்கார்ந்தார். கால் கிளட்சுக்கு எட்டவில்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. ஆனால் சீட்டு கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டு, முதுகும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இப்படிச் சாய்ந்துகொண்டு யாராவது வண்டி ஓட்டுவார்களா? சீட்டை முன்னால் இழுக்கக் கை போனது. போன கையை எடுத்துக்கொண்டு, நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. பின்னால் குப்பென்று நீலப்புகை கிளம்பியது. நின்றவர்கள் கையை வீசிக்கொண்டு விலகினார்கள். வண்டியை நகர்த்துவதற்காக லேசாக ஆக்சிலேட்டரை மிதித்ததும் அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய சீழ்க்கை. அதன் அடியில், கத்தி தீட்டுவதுபோல ஓர் உரசல்.

டர்போ. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் சக்கரம். அதே டர்போ. பதினோரு மாதத்துக்கு முன்னால் வெறும் சீழ்க்கையாகக் கேட்டது, இப்போது முற்றி உரசலாகியிருந்தது.

பக்கத்துக் காலிமனையில் கொண்டுபோய் நிறுத்தினார். அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது நாலு பேர் சேர்ந்து தம்பியை வாசல்படி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்திருக்க வேண்டும். அவர் காரைவிட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்து, வாசலில் செருப்புகள்தான் கிடந்தன.

தம்பியின் மகள் வெளியூரில் படிக்கிறாள். ரயிலில் வந்துகொண்டிருந்தாள். இரண்டு மணிக்குள் வந்துவிடுவாள், நாலு மணிக்கு எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. பெண்கள் உள்ளே, கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி. ஆண்கள் வெளியே, பிளாஸ்டிக் நாற்காலிகளில். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும் காதுக்காரரின் கையைப் பிடித்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள். "கடையிலேர்ந்து வந்திருக்கான். வாசல்ல வண்டிய நிறுத்தினவன், இறங்கல. மாரடைப்பு" என்று ஏழெட்டுப் பேரிடம் சொன்னார். சொல்லச் சொல்ல அது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஒரு அரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஏன் அந்த அரை மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாகத் தம்பியோடு பேசியது பதினோரு மாதத்துக்கு முன்னால், ஒர்க்ஷாப்பில்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா? இப்ப?" என்று நாள் முழுக்கத் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை. அப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பைத்தியம், இந்தக் கார். பழைய வண்டிதான், ஆனால் பந்தயத்துக்குப் பிறந்த இன்ஜின். முதல் சொந்தக்காரன் எண்ணெய்கூட மாற்றாமல் ஓட்டியதில், வாங்கிய இரண்டே மாதத்தில் டர்போ போய்விட்டது. காதுக்காரர்தான் புதியது மாட்டிக் கொடுத்தார். அது குறைந்தது ஏழெட்டு வருடம் உழைத்திருக்க வேண்டும். ஒரே வருடத்தில் தம்பி திரும்ப வந்து நின்றான்.

"அண்ணா, ஒரு விசில் மாதிரி கேக்குது. கொஞ்சம் பாரேன்."

காதுக்காரரைச் சுற்றி அன்று வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"பேரிங் தேய்ஞ்சிடுச்சு. வேகமா ஓட்டிட்டு வந்து, சூடா இருக்கும்போதே டப்புனு அணைக்கிற. உள்ள எண்ணெய் கருகிப் போகுது. வேற என்ன?"

"இல்லண்ணா. ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுத்தான் அணைக்கிறேன். நீ அன்னைக்கே சொன்னியே."

"என் காது பொய் சொல்லுதுங்கிறியா?"

"அப்படிச் சொல்லல. ஒருதடவ கழட்டிப் பாத்துட்டா..."

"பாக்க என்ன இருக்கு? வேகம் மட்டும் வேணும், பொறுமை வேணாம்னா எப்படி? உனக்கெல்லாம் எதுக்குடா இந்த வண்டி? பேசாம ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தான். அப்புறம் தானே திறந்து வைத்திருந்த பானெட்டை, ஓசை வராமல், இரண்டு கையாலும் அழுத்தி மூடிவிட்டுக் கிளம்பிப் போனான்.

அவனே கூப்பிடட்டும் என்று காதுக்காரர் இருந்தார். அண்ணன் கூப்பிடுவார் என்று அவன் இருந்தானோ என்னவோ. நாள் வாரமாகி, வாரம் மாதமாகி, அப்புறம் கூப்பிடுவதற்கே ஒரு காரணம் தேவைப்படுகிற அளவுக்குப் போய்விட்டது.

பதினோரு மணி வாக்கில் அவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். சிகரெட் பிடிக்கப் போகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். காலிமனைக்குப் போனார். காரின் டிக்கியில் ஸ்பேனர் பெட்டி இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தார்.

ஏன் திறந்தார் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. தான் சொன்னது சரிதான் என்று பார்த்துவிட்டால் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கும் என்று தோன்றியிருக்கலாம்.

காற்று போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, டர்போவின் சக்கரத்தைத் தொட்டார். நடு அச்சைப் பிடித்து ஆட்டினார். ஆடும் பல்லைப் போல ஆடியது. சக்கரத்தின் இறக்கைகள் சுற்றுச்சுவரில் உரசிப் பளபளவென்று ஒரு கோடு போட்டிருந்தன. பேரிங் போய்விட்டது, அதில் சந்தேகமில்லை. ஏன் போனது என்பதுதான் கேள்வி. பென்சில் கனம்கூட இல்லாத அந்த அச்சு, நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது ஒரு எண்ணெய்ப் படலத்தின் மேல். அந்தப் படலம் கெட்டால் பேரிங் கெடும். எண்ணெய் அழுக்காக இருக்கலாம். சூட்டில் கருகியிருக்கலாம். இல்லாவிட்டால் எண்ணெயே போதாமல் இருக்கலாம்.

எண்ணெய் பார்க்கும் அளவுகோலை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. அளவும் கோட்டில் பிசகாமல் நின்றது. நாள் தவறாமல் மாற்றியிருக்கிறான்.

சரி, அப்படியானால் சூடு. மண்ணில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கி வரும் குழாயைக் கழற்றினார். சூட்டோடு அணைத்துப் பழகிய வண்டியில், அந்தக் குழாயின் உள்சுவரில் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கரி அப்பியிருக்கும். எத்தனையோ வண்டியில் சுரண்டி எடுத்திருக்கிறார். விரலை உள்ளே விட்டுத் துழாவினார். வழவழவென்று இருந்தது. விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பொட்டுக் கரி இல்லை.

விரலைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை உள்ளே விட்டார்.

"யாருப்பா அது கீழ?" பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் குனிந்து பார்த்தார். "அடக் கடவுளே, நீங்களா? கூடப் பொறந்தவன் உள்ள கெடக்கான். நீங்க இங்க வண்டி ரிப்பேர் பாத்துட்டு இருக்கீங்களே. நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"ஒரு அஞ்சு நிமிஷம், சார்."

"என்னவோ போங்க" என்றார் வாத்தியார். ஆனாலும் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, யாரும் இந்தப் பக்கம் வராதபடி மறைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார்.

காதுக்காரர் எழுந்து மேல்பக்கம் வந்தார். மிச்சமிருந்தது ஒன்றுதான். இன்ஜினிலிருந்து டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாய். அதன் முனையை இறுக்கிப் பிடித்திருக்கும், நடுவே துளையுள்ள போல்ட். அந்தத் துளைக்குள் குண்டுமணி அளவுக்கு ஒரு வலை இருக்கும், தூசி தும்பை வடிகட்ட. டர்போ மாற்றும்போதெல்லாம் போல்ட்டையும் புதிதாகப் போட வேண்டும் என்பது அவர் ஒர்க்ஷாப்பில் சட்டம். பழையதை மாட்டினார்கள் என்பதற்காக ஆட்களைத் தெருவே கேட்கும்படி திட்டியிருக்கிறார்.

ஸ்பேனரை வைக்கும்போதே பார்த்துவிட்டார். போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயின்ட் கோடு. இறுக்கி முடித்ததற்கு அடையாளமாக அவர் தன் கையால் போடுகிற கோடு. வேறு யாரும் மஞ்சள் வைத்துக்கொள்வதில்லை.

கழற்றி எடுத்தார். நுனிகள் மழுங்கிக் கறுத்த பழைய போல்ட். புதியதல்ல. கைக்குட்டையால் துடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளை வழியே வானத்தைப் பார்த்தார். வானம் தெரியவில்லை. முதல் டர்போ உடைந்தபோது அரைபட்ட இரும்புத்தூளும் பழைய எண்ணெய்க் கசடும் வலையில் பசையாக இறுகி, குண்டூசி நுழைகிற இடம் மட்டும் விட்டிருந்தது. அந்த இடம் வழியாகச் சொட்டியதைக் குடித்துத்தான் இவ்வளவு நாள் சுற்றியிருக்கிறது.

இந்த டர்போவை மாட்டிய அன்று ஒர்க்ஷாப்பில் இடமில்லாமல் வண்டிகள் நின்றன. தம்பி வண்டிதானே என்று ஒரு அவசரம். புதிய போல்ட் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல்பட்டு, இதைத் துணியால் துடைத்து மாட்டினார். மாட்டியது இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது.

விசில் கேட்கிறது என்று தம்பி வந்து நின்ற அன்றைக்கே கழற்றிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

"மாமா."

தம்பி மனைவி டம்ளரோடு நின்றாள். வாத்தியார் அவளைக் கண்டதும் நகர்ந்து போயிருந்தார். காதுக்காரர் கையை மூடிக்கொண்டார்.

"காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீங்க. இந்த டீயையாவது குடிங்க."

"நீ எதுக்கும்மா வந்த? யார்கிட்டயாவது குடுத்து விட்டிருக்கலாமே."

"உள்ள உக்காந்திருக்க முடியல." டம்ளரைக் காரின் ஓரத்தில் வைத்தாள். திறந்து கிடந்த கதவு வழியே சாய்ந்த சீட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தினமும் இப்படித்தான் சாஞ்சுக்குவாரு" என்றாள். "வாசல்ல வந்து நிறுத்திட்டு, இன்ஜின அணைக்காம, சீட்ட பின்னால தள்ளிட்டு. முன்னாடியெல்லாம் ரெண்டு நிமிஷம். நீங்க சொன்னதுக்கு அப்புறம் பத்து நிமிஷம். சில நாள் பதினஞ்சு கூட ஆயிடும். சாப்பாடு ஆறிப்போகுதேன்னு நான் கத்துவேன். 'அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் எங்கயோ அவசரப்படறேன் போல, சூடு நல்லா அடங்கட்டும்'பாரு."

காதுக்காரர் இன்னொரு கையைப் பானெட்டின் விளிம்பில் ஊன்றிக்கொண்டார்.

"நேத்தும் வண்டி வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. சரி, உக்காந்திருக்காருன்னு நான் என் வேலையப் பாத்துட்டு இருந்தேன். துணி மடிச்சேன். போன் பேசினேன். இன்ஜின் ஓடிட்டே இருந்துச்சு, மாமா. அது ஓடிட்டு இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்ல. ரொம்ப நேரமாச்சேன்னு திட்டறதுக்காகத்தான் வெளிய வந்தேன்."

தெருவில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு இதக் கழட்டிட்டு இருக்கீங்க? என்ன கோளாறு? அவரு பண்ணதுதானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். இல்லையென்று சொல்லி, பொதுவாக ஏதாவது ஒரு பெயர் சொல்லலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? காதுக்காரர் மூடியிருந்த கையைத் திறந்தார்.

"இல்லம்மா. அவன் ஒரு தப்பும் பண்ணல. இது வழியாத்தான் எண்ணெய் போகணும். அடச்சுக் கெடக்கு. புதுசு போட்டிருக்கணும். நான் பழசையே போட்டுட்டேன்."

அவள் அந்தச் சின்ன இரும்பைப் பார்த்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பத்து நிமிஷம்?"

"தேவையில்ல" என்றார் காதுக்காரர். "அது தேவையே இல்லம்மா."

அவள் அழவில்லை. திட்டவில்லை. "டீ ஆறிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். காலிமனையின் நடுவில் ஒரு இடத்தில் நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று அவர் நிமிர்ந்தார். செருப்பில் குத்திய முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டினார். குழாய்கள் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில், யாரோ காத்திருப்பதுபோலக் கவனமாக மாட்டினார். அந்த போல்ட்டை மட்டும் மாட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டீயைக் குடிக்க மறந்துபோனார்.

மகள் இரண்டேகாலுக்கு வந்தாள். முதுகில் பையோடு தெருவில் ஓடி வந்தவள், வாசலில் நின்ற காதுக்காரரைப் பார்த்ததும், "பெரியப்பா" என்று அவர் மேல் விழுந்தாள். அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் இடுக்கெல்லாம் எண்ணெய். அவள் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கையையே பிடித்து இழுத்துக்கொண்டு, "எங்க? எந்த ரூம்ல?" என்று கேட்டாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு தம்பி வீட்டுக் கூடத்துக்குள் அவர் நுழைந்தது அப்படித்தான்.

தம்பியின் முகம் சவரம் செய்த முகமாக இருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த தழும்பு. கண்ணாடியை யார் கழற்றினார்கள், எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. காதுக்காரர் பெட்டியின் மேல் குனிந்தார். சொல்ல வந்ததைச் சொல்ல வாய் திறந்தார். சுற்றிலும் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். நிமிர்ந்து, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

மூன்றரைக்குப் பின்கட்டுக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தம்பி மனைவி அங்கே வந்தாள். கையில் தேய்த்து மடித்த தம்பியின் சட்டை ஒன்று, நீலக் கட்டம் போட்டது.

"சட்டையெல்லாம் கிரீஸா இருக்கு. இதப் போட்டுக்கங்க."

"வேணாம்மா. பரவால்ல."

"நீங்கதான முன்னால நிக்கணும்" என்றாள். சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள். அவள் குரலில் கோபம் இருந்ததா, இல்லையா என்று காதுக்காரருக்குப் பிடிபடவில்லை. எவ்வளவு நேரம் காதில் ஓட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை.

சட்டை கச்சிதமாக இருந்தது. தோள், கை, கழுத்து எதிலும் ஒரு சுருக்கம் விழவில்லை.

நாலு மணிக்கு எடுத்தார்கள். இந்தத் தடவை தலைமாட்டில் ஒரு பக்கம் அவர் பிடித்திருந்தார். வண்டியில் ஏற்றியபின், மற்றவர்கள் யார் யார் எதில் ஏறுவது என்று பேசிக்கொண்டிருக்க, அவர் பின்கதவருகே தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

தம்பியின் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இருபது வருடமாகத் தம்பியோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அழுது சிவந்த கண்ணோடு வந்தவர், முன்னால் தெரிந்த நீலக் கட்டம் போட்ட முதுகைப் பார்த்தார். தினமும் கடையைப் பூட்டும்போது தம்பியின் தோளில் வைப்பதுபோல, தன்னை அறியாமல் அந்தத் தோளில் கையை வைத்தார்.

காதுக்காரர் உடனே திரும்பவில்லை. அந்தக் கை எடுக்கப்படும் வரை அசையாமல் நின்றார்.